ஆறாவது குப்பியின் சொந்தக்காரர்

மெட்ராஸ் விமான நிலையத்தில் என்னை மாட்டிவிட்டது மெழுகுவத்திதான். சுங்க அதிகாரி என் பெட்டியைத் திறந்து, மூடி போட்ட பெரிய கண்ணாடி ஜாடி ஒன்றையும் அதைச் சுற்றி அடுக்கியிருந்த இரண்டு டஜன் வெள்ளை மெழுகுவத்தியையும் எடுத்து மேசைமேல் பரப்பினார்.

“இன்னாம்மா, இங்க கரண்ட் கட்டுன்னு மலேசியா வரைக்கும் தெரிஞ்சிபோச்சா?”

மலேரியாக் கிருமி வளர்ப்பதற்கு என்று உள்ளதைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. ஜாடியைத் தொட்ட கையை அவர் பேண்டில் துடைத்துக்கொண்டார். கிருமி ஜாடிக்குள் இல்லை, அது உங்கள் ஊரில் இருக்கிறது, அதைப் பார்க்கத்தான் வந்திருக்கிறேன் என்று கடிதங்களை ஒவ்வொன்றாகக் காட்டி வெளியே வருவதற்குள் எனக்குப் பசி காதை அடைத்தது.

1991 நவம்பர். நான் ஈப்போவில் பிறந்தவள், கோலாலம்பூரில் ஓர் ஆய்வகத்தில் டெக்னீஷியன். தமிழ்நாடு எனக்கு வெளிநாடு. முன்னோர் கப்பலேறிய கரையை மிதித்ததும் கண் கலங்கும் என்று வீட்டில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். எனக்கு அப்படியெல்லாம் ஒன்றும் ஆகவில்லை. டாக்சிக்காரர் ஸ்ரீபெரும்புதூர் வரை வைத்த ஹாரனில் கண் கலங்க நேரமே கிடைக்கவில்லை.

ஸ்ரீபெரும்புதூருக்கு வெளியே ஒரு சின்ன தொண்டு மருத்துவமனை. அதை நடத்திய டாக்டர் மங்கை, முன்பு சில மாதம் எங்கள் ஆய்வகத்தில் பயிற்சிக்கு வந்திருந்தவர். பென்னலூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலைக்கு ஷெட் கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே வேலை செய்தவர்களில் ஆறு பேருக்கு ஏழு வாரத்துக்கு முன் மலேரியா வந்தது, அதுவும் மூளையைத் தாக்கக்கூடிய கெட்ட வகை. மங்கை மாத்திரை கொடுப்பதற்கு முன் ஆறு பேரிடமும் கொஞ்சம் ரத்தம் எடுத்து ஆறு குப்பியில் உறைய வைத்திருந்தார். அந்தக் குப்பிகளுக்காகத்தான் நான் வந்தேன்.

மலேரியாக் கிருமி ரத்தச் சிவப்பணுவுக்குள் புகுந்துகொள்ளும். உள்ளே ஒளிந்திருந்தால் நம் உடம்புக்கு அதைத் தெரியாது. ஆனால் அணு பழுதானால் மண்ணீரல் பிடித்து அழித்துவிடும் என்பதால், மண்ணீரல் பக்கம் போகாமல் ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். ஒட்டுவதற்காகத் தன் புரதம் ஒன்றை அணுவின் வெளிப்பக்கம் நீட்டும். அங்கேதான் மாட்டும். அந்தப் புரதத்தை உடம்பு அடையாளம் கண்டு எதிர்ப்புப் பொருள் செய்யும். செய்து முடிப்பதற்குள், கிருமியின் பிள்ளைகளில் ஒன்றிரண்டு அந்தச் சட்டையைக் கழற்றிவிட்டு வேறு சட்டை போட்டிருக்கும். மறுபடி காய்ச்சல். எத்தனை சட்டை வைத்திருக்கிறது, எந்தப் பெட்டியில் வைத்திருக்கிறது என்று அப்போது யாருக்கும் சரியாகத் தெரியாது. எனக்கு அதைத் தெரிந்துகொள்ளாமல் சாப்பாடு இறங்காத காலம் அது.

என் வேலை இவ்வளவுதான். ஆறு பேரும் குணமாகிவிட்டார்கள். அவர்கள் ரத்தத்தில் இப்போது எதிர்ப்புப் பொருள் இருக்கும். மறுபடி ரத்தம் எடுத்து, அதன் தெளிந்த நீரை அவரவர் பழைய குப்பியில் இருக்கும் கிருமியோடு கலந்தால், கிருமி உள்ள அணுக்கள் மட்டும் ஒன்றோடு ஒன்று ஒட்டித் திரள வேண்டும். ரத்த வகை ஒன்றான பக்கத்து ஆளின் கிருமியோடு கலந்தால் திரளக் கூடாது. ஒருவர் பார்த்த சட்டை ஒருவருக்குத்தான் தெரியும் என்று அதற்குப் பொருள்.

மறுநாள் காலை மருத்துவமனையின் களப்பணியாளர் ஏழுமலை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். பென்னலூர்க்காரர், நாற்பது வயது இருக்கும். வீடு வீடாகப் போய் விரலில் குத்தி ரத்தத் தடவல் எடுக்கிறவர்.

“பசியாறிட்டீங்களா?” என்று கேட்டேன். எங்கள் ஊரில் காலையில் யாரைப் பார்த்தாலும் அப்படித்தான் கேட்போம்.

“பசியா? பசியெல்லாம் ஒண்ணும் இல்ல மேடம். இன்னா, நல்லாத்தான கீறேன்?” என்று தன்னையே ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

டிபன் சாப்பிட்டாயிற்றா என்றுதான் கேட்டேன் என்று புரிய வைத்தபின், என்னை ஒரு கடைக்கு அழைத்துப்போய் இட்லியும் வடகறியும் வாங்கிக்கொடுத்தார். வடகறியை நான் அதற்கு முன் கேள்விப்பட்டதில்லை. முதல் நாள் மிஞ்சின வடையையா போடுகிறீர்கள் என்று கேட்டேன். கடைக்காரர் முகம் சுண்டிப்போனது. “வடகறிக்குன்னே பருப்பு அரைக்கிறோம்மா” என்றார். மன்னிப்புக் கேட்கும் விதமாக இன்னொரு கிண்ணம் வாங்கினேன். தேநீர்தான் பிடிக்கவில்லை. சர்க்கரைப் பாகில் தேயிலையைக் காட்டி எடுத்த மாதிரி இருந்தது. பால் விடாத நல்ல கட்டங்கோப்பிக்கு நாக்கு ஏங்கியது.

“இங்க இத்த ஷிஃப்ட் காச்சல்னு சொல்லுவாங்கோ மேடம்” என்றார் ஏழுமலை, வழியில். “ஒரு நாள் டூட்டிக்கு வரும், ஒரு நாள் லீவு. சில பேருக்கு ஓவர்டைம் கூடப் பாக்கும்.”

ஷெட்டுக்கு எலும்புக்கூடு எழும்பி நின்றது. கூரை இன்னும் பாதிதான். சிமென்ட் பூச்சு காயாமலிருக்க எல்லா இடத்திலும் தண்ணீர் கட்டி நிறுத்தியிருந்தார்கள். கொசுவுக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது. அதைச் சொல்லலாமென்று வாயெடுத்தேன், சூப்பர்வைசர் முந்திக்கொண்டார்.

“மேடம், ரத்தம் எடுங்க, வேணான்னு சொல்லல. ஆனா யார் யாருக்குக் காய்ச்சல்னு லிஸ்ட் வாராவாரம் எனக்கு வந்துடணும். உங்க ரிசல்ட்டும் ஒரு காப்பி. டாக்டரம்மா எழுதிக் குடுத்திருக்காங்க.”

“காய்ச்சல் வந்தவரை என்ன செய்வீர்கள்?”

“மூணு நாள் பாப்போம். நாலாவது நாள் கேட் பாஸை கேன்சல் பண்ணிடுவோம். பொங்கலுக்கு ஷெட் முடிஞ்சதும் பாஸ்ல பேர் இருக்கிறவங்களை கம்பெனி உள்ளே எடுத்துக்குது மேடம், பர்மனன்ட். அதுக்கு நூறு பேர் வெளியே காத்துகிட்டு இருக்கான்.”

பிறகு ஒரு தாளைப் பார்த்து ஆறு பேரைக் கூப்பிட்டார். ஐந்து பேர் உடனே வந்தார்கள். “சவரிமுத்து!” என்றதற்கு மட்டும் ஒரு நொடி தாமதம். அப்புறம் சித்தாளோடு நின்றிருந்த ஒல்லியான ஆள் கலவைச் சட்டியை இறக்கிவிட்டு வந்து கையை நீட்டினார். முப்பது வயது இருக்கும். ஊசியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“போன தடவை பழகியிருக்குமே?” என்றேன்.

“எத்தினி தடவ குத்தினாலும் ஊசி ஊசிதான மேடம்” என்றார். கைநாட்டு வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மூன்றாம் நாள் குப்பிகளை எடுக்கப் போனோம். அவற்றை உறைய வைக்கத் திரவ நைட்ரஜன் வேண்டும். அந்த வட்டாரத்தில் அது இருந்த ஒரே இடம் கால்நடை மருத்துவமனை. பசுக்களுக்குச் சினை ஊசி போடக் காளை விந்தை அதில்தான் வைத்திருப்பார்கள். டாக்டர் மங்கை கெஞ்சிக் கேட்டு, ஜெர்சிக் காளைகளுக்கு நடுவே நம் ஆறு குப்பிக்கும் இடம் பிடித்திருந்தார். அங்கிருந்த உதவியாளர் இடுக்கியால் குப்பிகளை ஒவ்வொன்றாக எடுத்து என் குடுவையில் போட்டார். “மாத்தி எட்த்துக்கினு போய்டாதீங்கோ, அப்பறம் கன்னுக்குட்டிக்குத்தான் மலேரியா வரும்” என்று அவரே சொல்லி அவரே சிரித்தார்.

திரும்பும் பஸ்ஸில் குடுவையை மடியில் வைத்திருந்தேன். மூடி இறுக்கமாக இருக்கக் கூடாது, ஆவி போக வழி வேண்டும். மேடு பள்ளத்தில் பஸ் குலுங்கக் குலுங்க வெள்ளை வெள்ளையாகப் புகை வந்தது. பக்கத்து சீட் அம்மாள் எட்டிப் பார்த்து, “ஐஸா கண்ணு? புழுங்குது, ஒண்ணு குடேன்” என்றார். கண்டக்டர் விசில் ஊதி வண்டியை நிறுத்தி, அது என்னவென்று தெரியாமல் பஸ் நகராது என்றார். ஏழுமலை எழுந்து நின்று, “மாட்டாஸ்பத்திரி சாமான்பா. சினை ஊசி” என்றார். அந்த அம்மாள் மெல்ல நகர்ந்து உட்கார்ந்தார். விசில் ஊதப்பட்டது.

நான்காம் நாள் முழுக்க என் மெழுகுவத்தி வேலை செய்தது. இந்தக் கிருமிக்கு நாம் சுவாசிக்கும் காற்று ஒத்துக்கொள்ளாது, பிராணவாயு குறைய வேண்டும். ஜாடிக்குள் தட்டுகளை அடுக்கி, நடுவில் மெழுகுவத்தியைக் கொளுத்தி மூடினால், தானாக அணையும்போது உள்ளே இருக்கும் காற்று அதற்குச் சரியான பதம். பிறகு ஜாடியை உடம்புச் சூட்டிலேயே வைத்திருக்க வேண்டும். சுங்க அதிகாரி சொன்னபடியே மின்சாரம் போனது. டாக்டர் மங்கை பிரசவ அறையிலிருந்து வெந்நீர்ப் பைகளைக் கொண்டுவந்து ஜாடியைச் சுற்றிக் கட்டினார். அன்றைக்குப் பிரசவம் எதுவும் இல்லாதது கிருமிகளின் அதிர்ஷ்டம்.

ஐந்தாம் நாள் மதியம் கலந்து பார்த்தேன். முதல் ஐந்து பேருக்கும் எதிர்பார்த்தது நடந்தது. நுண்ணோக்கியில் கரும்புள்ளி போட்ட அணுக்கள், அதாவது உள்ளே கிருமி உள்ளவை, ஒன்றையொன்று தேடிப்போய் ஒட்டிக்கொண்டன. கிருமி இல்லாத அணுக்கள் தம் பாட்டுக்கு மிதந்தன. எனக்கு மேசையைத் தட்டிக் கூத்தாட வேண்டும் போலிருந்தது.

ஆறாவது, சவரிமுத்துவினுடையது. தகட்டை வைத்ததும் ஏதோ தப்பு என்று தெரிந்தது. கிருமி உள்ளது, இல்லாதது என்ற பேதமே இல்லாமல் எல்லா அணுவும் சேர்ந்து கூழ் கட்டி தட்டிய மாதிரி மொத்தமாகத் திரண்டு கிடந்தது. மறுபடி செய்தேன். மறுபடியும் அதே.

இது எந்த ரத்த வங்கி உதவியாளருக்கும் தெரிந்த சமாசாரம். ஒருவரின் ரத்த நீர் அவருடைய நல்ல அணுக்களை ஒருநாளும் திரட்டாது. வேறு ரத்த வகைக்காரருடையதுதான் திரட்டும். இரண்டையும் வகை பார்த்தேன். குப்பியில் இருந்தது ‘பி’. நான் எடுத்தது ‘ஓ’. ஏழு வாரத்தில் கிருமி சட்டை மாற்றலாம், மனிதனுக்கு ரத்த வகை மாறாது.

“ஏழுமலை, அன்றைக்கு நான் ஊசி போட்டது சவரிமுத்துவுக்குத்தானா?”

“ஆமா மேடம்.”

“ஏழு வாரத்துக்கு முன் டாக்டர் ரத்தம் எடுத்தது?”

“அதுவும் சவரிமுத்துதான்.”

“இரண்டும் ஒரே ஆளா?”

ஏழுமலை தரையைப் பார்த்தார். “நீங்க ஆளக் கேக்கலியே மேடம். சவரிமுத்துன்னு கேட்டீங்கோ, சவரிமுத்து வந்தான்.”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. இதற்காகவா கடல் தாண்டி வந்தேன் என்று நான் போட்ட சத்தத்தில் டாக்டர் மங்கை உள்ளே வந்தார். ஏழுமலை மெதுவாக விளக்கினார். அந்தக் கட்டுமானத் தளத்தில் பெயர் என்பது புகைப்படம் ஒட்டாத கேட் பாஸில் இருப்பது. பாஸ் யார் சட்டைப் பையில் இருக்கிறதோ அவர் அன்றைக்கு அந்தப் பெயர். ஒருவருக்கு முடியாமல் போனால், பெயர் அடிபடாமலிருக்க இன்னொருவர் அதில் நிற்பார். மேஸ்திரியிலிருந்து சித்தாள் வரை எல்லோருக்கும் தெரியும். சூப்பர்வைசருக்கு மட்டும் தெரியாது, தெரியவும் கூடாது. அவர்கள் யாரும் என்னிடம் பொய் சொல்லவில்லை. நான்தான் வெளிநாட்டுக்காரி.

“இப்ப நிக்கிறவன் பெருமாள், மணிமங்கலத்தான். பேர் எழுதின அன்னிக்கு அறுப்புக்குப் போய்ட்டான், அவனுக்கு பாஸ் கெடைக்கல. சவரிமுத்து வர்ற வரைக்கும் அவன் வேலைய இவன் பாத்துக்கினு கீறான்.”

“சவரிமுத்து எங்கே?”

“ராமேஸ்வரம் பக்கத்து ஆளு. ஊருக்குப் போய்ட்டான்னு சொல்றாங்கோ” என்று சொல்லிவிட்டு, டாக்டரைப் பார்த்து நிறுத்தினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “போவல. சிங்கப்பெருமாள் கோவில்ல ரூம்ல கீறான். காச்சல் விட்டு விட்டு வருது.”

“ஒரு மாசத்துக்கு மேலயா?” என்று டாக்டர் மங்கை எழுந்துவிட்டார். “இங்கே ஏன் வரல?”

கேட்டுவிட்டு அவரே மறுபடி உட்கார்ந்துவிட்டார். காய்ச்சல் பட்டியல் வாராவாரம் சூப்பர்வைசருக்குப் போகும் என்று எழுதிக்கொடுத்தவர் அவர்தானே. சவரிமுத்து என்ற பெயர் அந்தப் பட்டியலில் வந்தால், தளத்தில் நிற்கும் சவரிமுத்து யார் என்று கேள்வி வரும். வேலையும் போகும், பொங்கலுக்குக் கிடைக்கவிருந்த பர்மனன்டும் போகும். அதற்குப் பயந்து ஒரு மனிதன் சாகக்கூடிய காய்ச்சலோடு அறையில் படுத்திருந்தார்.

ஆறாம் நாள் காலை நானும் ஏழுமலையும் கிளம்பினோம். ஒரகடத்தில் பஸ் டயர் வெடித்தது. சுற்றிலும் ஏரித் தண்ணீரும் வயலும், நடுவில் ஒரு டீக்கடை. மாற்று டயரும் காற்றில்லாமல் இருந்தது. டிரைவர் அதை உதைத்துப் பார்த்துவிட்டு டீ சொன்னார். எங்கள் ஊரில் இப்படி நடந்தால் புகார் எழுதுவார்கள், இங்கே எல்லோரும் இறங்கி டயரைச் சுற்றி நின்று ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். எனக்குப் பொறுமை இல்லை. செங்கல் ஏற்றிவந்த டிராக்டரை நிறுத்தி, செங்கல்மேல் உட்கார்ந்து மீதி தூரம் போனோம். இறங்கியபோது சேலை முழுக்கச் செம்மண்.

ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஓடு போட்ட வரிசை அறைகளில் கடைசி. சவரிமுத்து பாயில் உட்கார்ந்திருந்தார். கண் வெள்ளை மஞ்சளாக, உதடு வெடித்து, போர்வைக்குள்ளும் பல் அடித்துக்கொண்டது. பக்கத்தில் தூக்குவாளியில் கேழ்வரகுக் கூழ். கொண்டுவந்தவர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது. பெருமாள்தான். அன்று வார விடுமுறை.

“மேடம், சூப்பர்வைசருக்கு…” என்றார்.

“நான் சூப்பர்வைசருக்குச் சொந்தக்காரியில்லை” என்றேன்.

சவரிமுத்து தயங்கித் தயங்கிப் பேசினார். “சின்னப் பிள்ளையில ரெண்டு மூணு தடவ வந்த காச்சல்தாங்க்கா. டாக்டரம்மா மூணு நாளைக்கு மாத்திர குடுத்தாக. மொத நாளே விட்ருச்சு. சரி, மிச்சத்த ஊர்ல யாருக்காச்சும் வேணும்னு எடுத்து வச்சுட்டேன். ரெண்டு வாரம் நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் வந்துச்சு, போச்சு. இப்ப மறுபடி வந்துருக்கு.”

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் அப்படிச் சொன்னபோது எனக்கு முதலில் வந்தது இரக்கமில்லை, சந்தோஷம். வந்தது, போனது, மறுபடி வந்தது. மீதி வைத்த மாத்திரைக்குத் தப்பிய கிருமி, ஒவ்வொரு முறை உடம்பு அடையாளம் கண்டபோதும் சட்டை மாற்றிக்கொண்டு எழுந்திருக்கிறது. எங்கள் ஆய்வகத்தில் வருடக்கணக்காகப் படம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தது இந்தப் பாயில் நடுங்கிக்கொண்டிருந்தது. பிறகு அந்த ஆள் தண்ணீர் டம்ளரைப் பிடிக்க முடியாமல் மார்மேல் கொட்டிக்கொண்டார். எனக்கு என்மேலேயே வெறுப்பு வந்தது.

மருத்துவமனைக்கு வரமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தார். “எம்பேரு அடிபட்டா நான் என்னத்துக்குக்கா பொழைக்கணும்? கடல விட்டு வந்ததே இந்த வேலைக்குத்தான். வீட்ல ரெண்டு பொம்பளப் பிள்ளைக இருக்கு.”

“பேர்தான பிரச்சின?” என்றார் பெருமாள். “என் பேர எழுதிக்கோ. அது சும்மாத்தான கெடக்குது.”

ஒரு டெம்போவில் ஏற்றி அழைத்துவந்தோம். டாக்டர் மங்கை பதிவேட்டைத் திறந்து, “பேர்?” என்று கேட்டார். சவரிமுத்து எச்சிலை விழுங்கி, “பெருமாளு” என்றார். “ஊர்?” “மணிமங்கலங்க.” அந்த ஊரை அவர் பார்த்ததுகூட இல்லை. டாக்டர் தலை நிமிராமல் எழுதினார். கொய்னா மருந்தை ஏற்ற ஆரம்பித்தார்கள். அதற்கு முன், அவரிடம் கேட்டு, அவர் சரியென்ற பிறகு, ஒரு ஊசி ரத்தம் எடுத்தேன்.

ஏழாம் நாள் மறுபடி மெழுகுவத்தி. எட்டாம் நாள் அவருடைய ரத்த நீரை இரண்டு தகடுகளில் கலந்தேன். ஒன்றில் ஏழு வாரத்துக்கு முந்தைய அவருடைய கிருமி. இன்னொன்றில் இப்போது அவர் உடம்பில் ஓடுகிற கிருமி.

முதல் தகட்டில் கரும்புள்ளி அணுக்கள் கொத்துக் கொத்தாகத் திரண்டன. நல்ல அணுக்கள் விலகி நின்றன. இரண்டாவது தகட்டில் ஒன்றுமே நடக்கவில்லை. அரை மணி நேரம் பார்த்தேன். அத்தனை கரும்புள்ளியும் யாரும் தம்மைக் கவனிக்கவில்லை என்ற தைரியத்தில் உலாவின. பழைய சட்டையை அந்த உடம்புக்கு நன்றாகத் தெரிந்திருந்தது, புதியதைத் தெரியவில்லை. அறைக்குப் பக்கத்துக் குட்டையிலிருந்து வந்த கொசு புதிதாகக் கொடுத்த கிருமியாகவும் இருக்கலாம், அதைப் பிரித்துச் சொல்லும் வித்தை அப்போது என்னிடம் இல்லை. ஆனாலும் சொல்கிறேன், என் வாழ்க்கையில் நான் பார்த்த மிக அழகான இரண்டு தகடுகள் அவை.

அன்று சாயங்காலம் கடைத்தெருவில் ஐஎஸ்டி பூத்திலிருந்து எங்கள் ஆய்வகத் தலைவரைக் கூப்பிட்டேன். அவர் மலாயில்தான் பேசுவார். ஐந்து பேரின் முடிவைக் கேட்டு உற்சாகத்தில் கத்தினார். “ஆறாவது?” என்றார்.

தாள்கள் என் கையில் இருந்தன. முதல் ரத்தம் சவரிமுத்து பெயரில். இரண்டாவது, சவரிமுத்து என்ற பெயருக்குப் பெருமாளின் கைநாட்டு. மூன்றாவது, பெருமாள் என்ற பெயருக்குச் சவரிமுத்துவின் கையெழுத்து. முதலாவதும் மூன்றாவதும் ஒரே ஆள் என்று எழுதினால் நடந்ததை முழுக்க விளக்க வேண்டும். விளக்கினால் அதன் ஒரு காப்பி சூப்பர்வைசர் மேசைக்குப் போகும்.

“ஆறாவது குப்பி கெட்டுப்போய்விட்டது” என்றேன். “வழியில் உருகிவிட்டது.”

“பரவாயில்லை, ஐந்து போதும்” என்றார் அவர்.

வெளியே வந்து அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்த இரண்டு தகடுகளுக்காகத்தான் அழுதேன். பூத்காரர் ஊரில் ஏதோ கெட்ட சேதி என்று நினைத்து ஸ்டூல் எடுத்துப் போட்டு, தண்ணீர் கொடுத்தார்.

பதினான்காம் நாள் சவரிமுத்துவுக்கு ரத்தம் சுத்தமாகி இரண்டு நாள் ஆகியிருந்தது. பாரம் தூக்கும் வேலை வேண்டாம், தண்ணீர் பாய்ச்சும் வேலைக்குப் போகலாம் என்றார் டாக்டர். மேஸ்திரி ஒப்புக்கொண்டார். என் விமானம் மறுநாள். முடிவுகளின் காப்பியைச் சூப்பர்வைசரிடம் கொடுக்க நான் அன்று காலை தளத்துக்குப் போனேன். சவரிமுத்துவும் கூட வந்தார். கேட் வெளியே பெருமாள் காத்திருந்து பாஸை அவர் கையில் கொடுத்தார்.

யாரும் யோசிக்காத ஒன்று இருந்தது. கேட்டில் நின்ற வாட்ச்மேன் ஒரு மாதத்துக்கு முன்தான் வேலைக்கு வந்தவர்.

அவர் பாஸை வாங்கிப் பார்த்தார். சவரிமுத்துவைப் பார்த்தார். “யாரு பாஸ்யா இது?”

“என்னதுங்க. சவரிமுத்து.”

“டேய், யாருகிட்ட? சவரிமுத்துவ எனக்குத் தெரியாதா? டெய்லி பாக்கிறேன்.” பின்னால் நின்ற பெருமாளை நோக்கிக் கை நீட்டினார். “தோ, அவன்தான் சவரிமுத்து. நீ யாரு?”

சவரிமுத்து பாஸுக்காக நீட்டிய கையை இறக்கவில்லை. காய்ச்சலில் இளைத்த கழுத்தில் நரம்பு துடித்தது. இவர்தான் அவர், ரத்தத்தைப் பார்த்து நான் சொல்லுவேன் என்று கத்தலாம். என்ன பிரயோசனம்? உள்ளே அலுவலக வாசலில் சூப்பர்வைசர் யாருடனோ பேசிக்கொண்டு நின்றார். கொஞ்சம் சத்தம் கேட்டாலும் திரும்பிவிடுவார்.

பெருமாள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆமாம், நான்தான் சவரிமுத்து என்று பாஸை வாங்கிக்கொண்டு உள்ளே போயிருக்கலாம். கேட்டைக் காக்கிறவர் கண்ணில் அதுதான் உண்மை. பொங்கலுக்கு பர்மனன்ட், மணிமங்கலத்துக்குப் பக்கத்திலேயே. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அதை அவரும் யோசித்தார், அது தெரிந்தது.

“அவருதான் சவரிமுத்து” என்றார் பெருமாள். “நான் இல்ல.”

“அப்ப இத்தினி நாளா யாருடா வேல செஞ்சது?”

“சவரிமுத்துதான்.”

வாட்ச்மேன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். உள்ளே சூப்பர்வைசர் நின்ற பக்கம் ஒருமுறை திரும்பினார். பின்னால் வரிசையில் நின்ற மேஸ்திரி, சித்தாட்கள் எல்லோரும் வானத்தையும் கூரையையும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். “ஒரு பாஸுக்கு ஒரு ஆளு. எவனாச்சும் ஒருத்தன் உள்ள போங்கடா, வழிய மறைக்காதீங்க” என்று சொல்லி, பாஸைச் சவரிமுத்துவின் கையில் திணித்தார்.

சவரிமுத்து உள்ளே போனார். போகும்போது திரும்பிப் பெருமாளைப் பார்த்தார், ஆனால் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாத இடத்தில் என்ன சொல்வது என்று தெரியாமல் கையை மட்டும் தூக்கினார்.

நான் சூப்பர்வைசரிடம் தாளைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது, பெருமாள் ரோட்டோரம் காலில் இருந்த சிமென்ட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். அடுத்த வயலில் இன்னொரு கம்பெனிக்குக் கம்பி வேலி போட ஆரம்பித்திருந்தார்கள்.

“அங்க ஆள் எடுக்கிறாங்களாம் மேடம்” என்றார். “பேர் எழுதறாங்கோ.” கொஞ்சம் தயங்கினார். “ஆஸ்பத்திரில என் பேர்ல இப்ப யாரும் இல்லியே?”

“இல்லை” என்றேன். “நேற்றே டிஸ்சார்ஜ் ஆகிவிட்டது.”

“அப்ப நான் எட்த்துக்கலாம்” என்று சொல்லி, ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வேலியை நோக்கி நடந்தார்.